மகிழ்ச்சியின் ஓசையும் அயலவரின் செவியும்

கண்ணுக்கு இமை உண்டு; செவிக்கு இல்லை. காண விரும்பாததைக் காணாதொழியலாம். கேட்க விரும்பாததைக் கேளாதொழிதல் எளிதன்று. உடலமைப்பின் இச்சிறு வேற்றுமையிலிருந்து ஓர் அறவினா எழுகின்றது. தன் பணத்தில் வாங்கிய வெடியைத் தன் முற்றத்தில், தான் விரும்பிய வேளையில் கொளுத்தும் உரிமை ஒருவனுக்கு உண்டா? உண்டெனின் அதன் எல்லை யாது? அவ்வெல்லையை வகுக்கும் அதிகாரம் யாருக்குரியது?

இவ்வினாவை ஆராய்வதற்குக் கெலிஓயா போன்றதோர் ஊர் பொருத்தமானது. பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையில் புகையிரதப் பாதையை ஒட்டி அமைந்த இச்சிறு நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். சித்திரைப் புத்தாண்டின் சுபவேளை, தீபாவளி விடியல், நத்தார் நள்ளிரவு, ஆங்கிலப் புத்தாண்டுப் பிறப்பு, கிரிக்கெற் வெற்றி, தேர்தல் வெற்றி என இந்நாட்டில் வெடி கொளுத்தப்படும் வேளைகள் பல. அவற்றுள் ஒருவருக்குத் திருநாளாக அமைவது அடுத்த வீட்டாருக்கு வெறும் இரவாக இருத்தல் கூடும். மறுநாட் பரீட்சைக்குப் படிக்கும் மாணவிக்கும், விடியுமுன் வேலைக்குப் புறப்பட வேண்டிய தொழிலாளிக்கும், உறக்கமின்றி வருந்தும் நோயாளிக்கும் அவ்விரவு தேவைப்படுகின்றது.

வெடிகளை உற்பத்தி செய்வதையும் விற்பதையும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் அனுமதிப்பத்திர முறையின்கீழ்க் கொணர்ந்தது. எனினும், வாங்கிய வெடியை எந்த ஒழுங்கையில், எந்த வேளையில் கொளுத்துவது என்பது ஊரின் அன்றாட வாழ்வோடு பிணைந்த செய்தி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பெற்ற பிரதேச சபைகள் பொதுச் சுகாதாரம், பொதுத் தொல்லை முதலியன தொடர்பாக உபவிதிகள் ஆக்கும் அதிகாரம் பெற்றன. ஆதலின், கெலிஓயாவின் இரவைப் பற்றி உடுநுவரப் பிரதேச சபை சிந்திப்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டதன்று.

முதலில் வெடி கொளுத்துவோரின் தரப்பை நேர்மையாக நோக்குதல் வேண்டும். செல்வர்க்கு மண்டபமும் விருந்தும் உண்டு. வறியவர்க்கோ ஒரு பெட்டி மத்தாப்பும் ஒரு சரம் சீனவெடியுமே தம் வீட்டிலும் திருநாள் வந்துவிட்டது என்று ஊருக்கு அறிவிக்கும் வழி. நீர்கொழும்பை அடுத்த கிம்புலாப்பிட்டியவிலும் தமிழகத்துச் சிவகாசியிலும் எண்ணற்ற குடும்பங்கள் இத்தொழிலால் உயிர்வாழ்கின்றன. முற்றான தடை இவ்விரு சாராரையுமே முதலில் தாக்கும். மேலும், மகிழ்ச்சி தனித்து நுகரும் பொருளன்று. பிறர் அறிய மகிழ்தலே விழாவின் இயல்பு. ஓசையே குற்றம் எனக் கொள்ளும் சட்டம் விழாவையே குற்றமாக்கிவிடும்.

மறுதரப்பின் நியாயமும் வலிமை வாய்ந்தது. ஜோன் ஸ்ருவாட் மில் 1859இல் வெளியிட்ட ‘சுதந்திரம் பற்றி’ என்னும் நூலில், பிறருக்குத் தீங்கு விளைவதைத் தடுக்கும் பொருட்டே ஒருவனது சுதந்திரத்தில் சமுதாயம் தலையிடலாம் என வாதித்தார். இவ்வளவுகோலின்படி நோக்கினால் வெடியோசை தனிமனிதச் செயல் என்னும் எல்லைக்குள் அடங்குவதில்லை. வெடியின் ஓசை வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீற்றர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டலாகாது என இந்திய அரசு 1999இல் விதித்தது. ஆயின் குழந்தையின் தொட்டில் அத்தூரத்தில்தான் இருக்கின்றதா, அதனினும் அண்மையில் உள்ளதா என்பதை எந்தக் கருவியும் முன்கூட்டி அறியாது. கொளுத்துபவன் ஓசையைத் தேர்ந்துகொள்கின்றான், கேட்பவன் தேர்ந்துகொள்வதில்லை. தேர்வு ஒருவனுக்கும் விளைவு மற்றொருவனுக்கும் உரியதாகும்போது பொதுவிதி தலையிடுதல் நியாயமாகின்றது.

அவ்வாறாயின் விதியை வகுப்பவர் யார்? ஊரை அறிந்த உள்ளூர் அதிகாரமே எனல் எளிது. ஆயின் கெலிஓயாவுக்கு அண்மையிலுள்ள கம்பளையின் வரலாறு இங்கு எச்சரிக்கையாக நிற்கின்றது. அங்கு எழுந்த பிணக்கு வெடியைப் பற்றியதன்று, பெரஹராவின் முரசொலியைப் பற்றியது, வினாவோ ஒன்றே. வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கையில் இசை முழக்கலாகாது என 1912இல் அதிகாரிகள் நிபந்தனை விதித்தனர். தேவாலயத்தினர் 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கை தந்த உறுதிமொழியை முன்வைத்து வழக்குத் தொடுத்தனர். 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டியில் கலவரம் மூண்டு பல மாவட்டங்களுக்குப் பரவியது. கலவரத்துக்கு வணிகப் போட்டி முதலிய வேறு காரணங்களும் இருந்தன. எனினும், ஓசையைப் பற்றிய விதி ஒரு சமூகத்துக்கு எதிராக மற்றொரு சமூகம் பெற்ற வெற்றியாக உணரப்படின், அது அமைதியைக் காக்காது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

மேலிருந்து வரும் பொதுவிதியே தக்கதெனின், அதற்கும் ஒரு குறை உண்டு. 2018 ஒக்டோபர் 23ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரையே வெடி கொளுத்தலாம் எனக் கட்டளையிட்டது. வடநாட்டு வழக்கத்துக்கு அது பொருந்தியது. தமிழரோ விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்தியவுடன் வெடி கொளுத்துவோர். தமிழக அரசு முறையிட்டதன் பேரில், மொத்தம் இரண்டு மணி நேரம் என்னும் வரம்பை மாற்றாமல், வேளையை மாநிலமே தெரிவு செய்யலாம் என நீதிமன்றம் அதே மாதம் 30ஆந் திகதி திருத்தியது. காலை 6 மணி முதல் 7 மணி வரையும், இரவு 7 மணி முதல் 8 மணி வரையும் எனத் தமிழகம் வகுத்தது. கட்டுப்பாட்டின் அளவு யாவர்க்கும் ஒன்றாகவும், அதன் வேளை அவ்வவ்விடத்து வழக்கத்துக்கு ஏற்பவும் அமைந்த இம்முறை ஆழ்ந்து நோக்கற்பாலது. உள்ளூர் அதிகாரத்தின் பாரபட்சத்தை முன்னது தடுக்கின்றது. தூரத்து அதிகாரத்தின் அறியாமையைப் பின்னது திருத்துகின்றது.

இத்தகைய விதியும் முழுமையானதன்று. 2009 மே மாதத்தில் உள்நாட்டுப் போர் முடிவுற்றபோது தென்னிலங்கை வீதிகளில் வெடிகள் கொளுத்தப்பட்டன. கொளுத்தியோருட் பலர், இனிப் பேருந்திற் குண்டு வெடிக்காது, பிள்ளைகள் உயிரோடு வீடு திரும்புவர் என்றே மகிழ்ந்திருத்தல் கூடும். ஆயின் வன்னியில் உறவினரை இழந்து, அவர்தம் உடலையேனும் காணப்பெறாத ஒரு தமிழ்க் குடும்பத்தின் செவியில் அவ்வோசை வேறு பொருள் தந்தது. அவ்வெடிகள் பகல் வேளையில், உரிய இடத்தில், உரிய அளவில் கொளுத்தப்பட்டிருப்பினும் அப்பொருள் மாறியிராது. மணிக்கூட்டால் ஓசையை அளக்கலாம். அது மற்றவன் நெஞ்சில் யாதாகின்றது என்பதை அளத்தல் இயலாது. அங்கே சட்டம் நின்றுவிடுகின்றது. அறம் தொடர வேண்டியதாகின்றது.

அவ்வறம் மனித இயல்புக்கு எட்டாததன்று. தமிழகத்துச் சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. மழைக்காலத்தில் அங்கு வந்து கூடு கட்டும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடலாகாது என்பதே காரணம். அவர்களைக் கட்டாயப்படுத்தியது தண்டப்பணமன்று. தம் ஊருக்கு வந்த உயிர்களுக்குத் தாம் பொறுப்பு என்னும் உணர்வு. சரணாலயத்துப் பறவைக்குக் கிட்டும் இப்பரிவு அடுத்த வீட்டு முதியவருக்கும் கிட்டுதல் அரிதாகுமா?

ஆதலின் கெலிஓயா போன்ற ஊருக்கு வேண்டுவது தடையுமன்று, கட்டற்ற உரிமையுமன்று. விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களைப் பிரதேச சபை ஒருங்கே அழைத்து, ஒவ்வொரு திருநாளுக்கும் ஒரே அளவான நேரத்தை வழங்கி, அது எவ்வேளை என்பதை அத்திருநாளுக்குரியோரே தெரிவு செய்ய விடலாம். அவ்வேளையை ஊர் முழுவதும் முன்கூட்டி அறியச் செய்யலாம். உரத்த வெடிகளுக்கு வீடுகளிலிருந்து விலகிய பொது மைதானம் ஒன்றை ஒதுக்கலாம். அரசியல் வெற்றியும் விளையாட்டு வெற்றியும் இவ்விதிக்குப் புறம்பாதல் ஆகாது. சபை உறுப்பினரின் ஊர்வலத்துக்கு விலக்களிக்கும் விதியை ஊரார் மதியார். இவ்வளவும் சபையால் இயலும். முன்னறிவித்த வேளையிலுங்கூட, அடுத்த வீட்டில் நோயுற்றவர் உளர் என அறிந்தவன் தீக்குச்சியைக் கிழிக்காது சற்றுத் தள்ளிச் செல்லும் செயலை எந்தச் சபையும் விதித்தல் இயலாது. அயலவரோடு கூடிவாழும் பண்பு ஓர் ஊரில் உண்டா என்பது அச்செயலாலேயே அறியப்படும்.