கிழநாயும் பதினோராம் சூத்திரமும்

திருவையாற்றில் காவிரிப் படித்துறைக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டுத் திண்ணையில் சிவஞான போதம் பாடம் நடந்துவந்தது. குரு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சீடன் சம்பா சாகுபடிக்காரன். சேறு காயாத காலோடு வந்து உட்காருகிறவன். அன்று அவன் புத்தகத்தைப் பிரிக்கவில்லை.

சீடன்: ஐயா, இன்றைக்குப் பாடம் மனத்தில் ஏறாது. வீட்டில் கிழநாய் விழுந்து கிடக்கிறது. தலை இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. எழுந்தால் அந்தப் பக்கமே உருள்கிறது, நிறுத்திவிட்டால் வட்டமடிக்கிறது. கண்மணி இரண்டும் ஓயாமல் பக்கவாட்டில் துடிக்கின்றன. தின்றதையும் கக்கிவிட்டது. பக்கவாதம், ஆயுசு முடிந்தது, ஊசி போட்டுவிடு என்கிறார்கள்.

குரு: யார் என்கிறார்கள்?

சீடன்: தெருவே என்கிறது.

குரு: தெரு இருக்கட்டும். மருத்துவர் என்ன சொன்னார்?

சீடன்: ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி பிடித்துக் கொண்டுபோனேன். பக்கவாதம் மாதிரிதான் தெரியும், ஆனால் கிழநாய்களுக்கு இப்படி வருவது பெரும்பாலும் காதிலிருந்துதான் என்றார். உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள்ளே நீர். தலை அசைந்தால் அந்த நீர் அசைந்து, நரம்பு வழியே மூளைக்குச் சேதி போகிறது. இரண்டு காதும் சரிசமமாகச் சேதி அனுப்புகிற வரையில் உடம்பு நேராக நிற்கும். ஒன்று ஓய்ந்தால் போச்சு. நுகத்தில் ஒரு மாடு படுத்துக்கொண்டால் ஏர் அந்தப் பக்கமே திரும்புமே, அப்படித்தான்.

குரு: ஓய்ந்ததற்குக் காரணம்?

சீடன்: காதுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம், மூளையில் கட்டி இருக்கலாம். ஒரு காரணமும் அகப்படாமலே வயதில் வருவதுதான் அதிகமாம். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். காரணமில்லாமல் வந்ததுதான் என்றால் 72 மணி நேரத்துக்குள் தெளிய ஆரம்பிக்கும், 2, 3 வாரத்தில் நடந்துவிடும், தலைச் சாய்வு மட்டும் கொஞ்சம் தங்கிவிடலாம் என்றார்.

குரு: அப்படியானால் தெருவின் தீர்ப்பு மூன்று நாள் முந்திவிட்டது. கண்ணால் கண்டதுதானே பிரமாணம் என்று போன மாதம் என்னிடம் வாதாடினாய். காட்சியிலும் ஐயக்காட்சி, திரிவுக்காட்சி உண்டு என்று சொன்னேன், நீ ஒப்பவில்லை. இப்போது பார், கண்ணை நம்பி ஓர் உயிரை முடித்துவிட இருந்தோம்.

சீடன்: இன்னும் முழுதும் சொல்லவில்லை, ஐயா. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. சிறுநீரகம் பாதிக்குமேல் தேய்ந்துவிட்டதாம். தலைசுற்றல் போய்விடும், இது போகாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை தோலுக்கடியில் சலைன் ஏற்ற வேண்டும். திரும்பிவராத உயிருக்கு இவ்வளவும் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

குரு: வளர்த்தது நீதானே, நீயே சொல்.

சீடன்: நன்றிக் கடன் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன். அது களம் காத்தது. நாற்றங்காலில் மாடு இறங்கவிட்டதில்லை. இருட்டில் வரப்பில் எனக்கு முன்னால் நடந்து பாம்பைக் குரைத்துக் காட்டியது.

குரு: திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று பேர் பொறித்து, கள்வர் இருவரைக் கடித்ததையும் எழுதிவைத்தார்கள். 1,400 வருஷமாகிறது, நாயின் பேர் நிற்கிறது. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் யோசித்துப் பார். அந்தக் கோவிவன் யாரையும் கடிக்காமல், கிழடு தட்டி, வாசலில் மூத்திரத்தில் கிடந்து செத்திருந்தால் கல் நட்டிருப்பார்களா?

சீடன்: மாட்டார்கள்.

குரு: உன் நன்றிக் கடனும் அந்தக் கல் மாதிரிதான். உழைப்புக்குத் தருகிற கூலி. களம் காக்காத நாயாக இருந்தால் உருளட்டும் என்று விட்டிருப்பாயா?

சீடன்: விட்டிருக்க மாட்டேன். திருவாரூர்க் கல்தேர் ஞாபகம் வருகிறது. அந்தக் கன்று மனுநீதிச் சோழனுக்கு ஓர் உழைப்பும் செய்யவில்லையே.

குரு: அந்தக் கதை எனக்குப் பாதிதான் உடன்பாடு. கன்று செத்த பிறகு ராஜா நீதி செய்தான், மகனையே தேர்க்காலில் இட்டான். பெரிய காரியம்தான். ஆனால் தாய்ப்பசு மணியை அடித்த பிறகு அன்று இரவு அதற்கு யார் தண்ணீர் வைத்தார்கள் என்று கதையில் இல்லை. நீதி ஒரு நாளில் முடிகிற வேலை, பராமரிப்பு அப்படி முடிவதில்லை. அதனால்தான் கதை எழுதுகிறவர்களுக்கு அது பிடிப்பதில்லை போலும்.

சீடன்: தருமபுத்திரன் நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்றானே.

குரு: அந்த நாய் தருமதேவதை. பரீட்சைக்கு வந்தது, தேறியவுடன் வேஷத்தைக் கலைத்தது. உன் நாய் வேஷம் கலைக்காது. கடைசி வரை நாய்தான்.

சீடன்: ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. அதன் வினையை அது அனுபவிக்கிறது. குறுக்கே நிற்க நான் யார்?

(குருவுக்குக் கோபம் வந்தது. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காவிரிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.)

குரு: வாய்க்காலில் ஒரு பிள்ளை விழுந்தால் கரையில் நின்றுகொண்டு அதன் வினை என்பாயா? தனக்கு வந்த துன்பத்தை வினை என்று எண்ணித் தாங்கலாம். அடுத்த உயிரின் துன்பத்தை வினை என்று சொல்லித் தள்ளினால் அது சோம்பேறித்தனம், அதற்குச் சாத்திரத்தைச் சாட்சிக்கு இழுக்காதே. உன் நாய்க்கு நல்வினையும் இருக்குமல்லவா? அந்த நல்வினைதான் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறதோ என்னவோ. சரி, ராத்திரி அது என்ன செய்கிறது?

சீடன்: கரண்ட் போனால் கதறிவிடுகிறது. மற்றபடி சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். காது ஏமாற்றுகிறபோது மூளை கண்ணையும் பாதத்தையும் நம்பித்தான் மறுபடி நிற்கக் கற்றுக்கொள்ளுமாம். இருட்டினால் அந்தப் பிடியும் போய்விடும். சிமெண்ட் தரை வழுக்குகிறது. நகம் கிரீச்சென்று இழுபட, நாலு காலும் நாலு பக்கம் போகும். அதனால் நெல் சாக்குகளைப் பிரித்துத் தரை முழுக்க விரித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பழைய வேட்டியைச் சுருட்டி அணை கொடுக்கிறேன். அந்தரத்தில் தூக்கினால் பயத்தில் கடிக்க வருகிறது. மார்போடு அணைத்து, நாலு காலும் என் உடம்பில் படும்படி தூக்கினால் பேசாமல் இருக்கிறது.

குரு: நாம் பாடம் எங்கே விட்டோம்?

சீடன்: பதினோராம் சூத்திரம்.

குரு: கண் தானாகக் காண்பதில்லை. உயிர் அதற்குக் காட்ட வேண்டும், காட்டியதோடு நில்லாமல் உடனிருந்து தானும் காண வேண்டும். உயிருக்கு இறைவன் அப்படி. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று பிரித்துச் சொன்னபோது, ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு பேர் என்று கேட்டாய். விளக்கேற்றி வைத்தாயே, அது காட்டுவது. அதன் கூடவே ராத்திரி முழுக்க விழித்துக் கிடக்கிறாயே?

சீடன்: அப்படியானால் நாய்க்கு நான் இறைவனா?

குரு: அவ்வளவு தூரம் போகாதே, நீ நெல் சாக்கு. தானே நிற்கிற உயிர் எதுவும் இல்லை, எதைச் சார்ந்ததோ அதன் வண்ணமாகும் என்கிறது சித்தாந்தம். உன் நாய் சாக்கையும் வெளிச்சத்தையும் உன் மார்பையும் சார்ந்து நிற்கிறது. நீயும் நானும் இரண்டு காதிலுள்ள சொட்டு நீரைச் சார்ந்துதான் நிமிர்ந்து நடக்கிறோம். அது நல்லபடி இருக்கும்வரை அதை நம் நிமிர்வு என்று நினைத்துக்கொள்கிறோம்.

சீடன்: பக்கத்து வீட்டு அத்தை பூண்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விட வந்தார்கள்.

குரு: விட்டாயா?

சீடன்: இல்லை. செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிக் கேட்டை முற்றவைக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நாம் போடுகிற வலி மாத்திரையும் கூடாது. ஐபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சு, அதிலும் சிறுநீரகம் கெட்ட நாய்க்கு. அத்தைக்குத்தான் வருத்தம்.

குரு: அவர்களுடைய அன்பும் பொய்யில்லை. கேட்டுக்கொண்டு செய்கிற பொறுமைதான் இல்லை.

சீடன்: ஊசிக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

குரு: கூடாது என்று சொல்ல மாட்டேன். மீட்க முடியாமல் துன்பப்படும் விலங்கின் உயிரை முடிக்க 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அதே சட்டத்தில் காரணமின்றி விலங்கைத் துன்பப்படக் கைவிடுவது குற்றம். நான் பார்க்கச் சொல்வது வேறு. முடியவில்லை என்பது யாருக்கு முடியவில்லை? அது உருள்வதைப் பார்க்க உனக்கு முடியவில்லையா, இருக்க அதற்கு முடியவில்லையா?

சீடன்: முதல் நாள் எனக்குத்தான் முடியவில்லை. இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

குரு: விரலில் சோறு குழைத்து நீட்டினால் நக்குகிறதா?

சீடன்: நேற்று மூக்கைத் திருப்பிக்கொண்டது, இன்று காலை நக்கியது. என் செருப்புச் சத்தத்துக்கு வால் அசைக்கிறது, தப்பான திசையைப் பார்த்துக்கொண்டுதான்.

குரு: அப்படியானால் இன்றைக்கு அந்தக் கேள்வி எழவில்லை. சிறுநீரகம் கைவிடும்போது வாய் புண்ணாகும், நீர்கூட இறங்காது, உன்னைத் தெரியாமல் போகும். அப்போது ஒத்திப்போடாதே. உன் பிரிவுத் துயரை அதன் உடம்பில் ஏற்றி இழுத்தடிப்பதும் கொடுமைதான். அந்த ஊசியைப் போடும்போது தலையை மடியில் வைத்துக்கொண்டு நீ இருக்க வேண்டும். ஆள்விட்டுச் செய்கிற வேலையில்லை.

சீடன்: நாளைக்கு நடவு ஆள் வருகிறது, ஐயா. நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். யாரை வைப்பது?

குரு: எந்தப் பக்கம் முதலில் புரட்ட வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டுப் போ. பாடத்தை உன் வீட்டில் வைத்துக்கொள்வோம், புத்தகத்தை நானே எடுத்துவருகிறேன். கடிக்குமா?

சீடன்: பல்லே இல்லை, ஐயா.