அறுந்த இழைக்கு முடிச்சுப் போடு!

தம்பி, விடிகாலை ஐந்தரை மணிக்குச் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வந்து பார். ஜோகூரோடு இணைக்க 1924-இல் திறந்த கடற்பாலம், நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். அதைக் கடக்கச் சில நாள் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஜோகூரிலிருந்து வந்த மோட்டார் சைக்கிள்கள் சோதனைச்சாவடியில் நெருக்கியடித்து நிற்கும். தொழிலாளர் தங்குவிடுதி வாசலில் லாரி உறுமும். அத்தனை பேருக்கும் உடல் இங்கே. மனம்? ஊரில் அம்மாவின் மருந்துச் செலவில், ஏஜெண்டுக்காக வாங்கிய கடனில், நேற்று சூப்பர்வைசர் வீசிய ஒரு சொல்லில்!

அந்த மனத்தைப் பத்து நிமிடம் உன் கைக்குள் கொண்டுவர முடியுமா? முடியும். அடித்துச் சொல்கிறேன்.

நான் தியானம் தொடங்கியது எங்கள் புளோக் கீழ்த்தளத்துக் கல் மேசையில். கண்ணை மூடியதும் குயில் கத்த ஆரம்பித்தது. சிங்கப்பூர்க் குயிலை உனக்கே தெரியும். விடியுமுன்னே குரலை ஏற்றிக்கொண்டே போகும். எரிச்சல் வந்தது. எரிச்சலிலிருந்து மின்கட்டணம், அதிலிருந்து மகனின் தேர்வு. இரண்டே நிமிடம், எழுந்துவிட்டேன். நமக்கு இது சரிப்படாது என்று ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மனம் ஓடிவிட்டதைக் கண்டுகொண்டேனே, அந்த நொடிதான் தியானம் என்று சொல்ல அப்போது எனக்கு ஆளில்லை. உனக்கு நான் சொல்கிறேன்!

வேதாத்திரி மகரிஷி 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தியானத்தைக் குடும்பஸ்தர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தறிதான் கண்ணில் நிற்கும். இழை அறுந்தது என்று எந்த நெசவாளி தறியை உடைத்தார்? முடிச்சுப் போட்டு நாடாவை மறுபடி ஓட்டுவார். மூச்சைக் கவனி. மனம் ஓடும். பிடித்து வந்து மூச்சோடு முடி. ஐம்பது முறை ஓடினால் ஐம்பது முடிச்சு. உன் பலம் ஏறுவதே அந்த முடிச்சுகளில்தான்!

சாமியார் வேலை என்று ஒதுக்காதே. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், தீராத வலியோடு வந்தவர்களை உட்காரவைத்து மூச்சைக் கவனிக்கப் பழக்கினார் ஜான் கபட்-ஜின். 2014-இல் தியானம் பற்றிய 47 ஆய்வுகளை, 3,515 பேரின் அனுபவத்தை, ஒன்றாக வைத்து அலசினார்கள். பதற்றமும் மனச்சோர்வும் வலியும் ஓரளவு குறைந்திருந்தன. ஓரளவுதான், மருந்தையோ உடற்பயிற்சியையோ மிஞ்சியதாகத் தெரியவில்லை. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் முதலில் டாக்டரிடம் போ. அதில் வெட்கம் எதற்கு?

தியானம் கடனை அடைக்காது. கடன் கொடுத்தவர் போனில் கத்தும்போது, பதில் சொல்லுமுன் ஒரு மூச்சு இழுக்க இடம் கொடுக்கும். அந்த ஒரு மூச்சில் எத்தனை சண்டை நின்றுபோயிருக்கிறது என் வீட்டில்!

இடமில்லை என்று சொல்லாதே. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு போதும். நாளைக்கு லாரி வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் உட்கார். குயில் கத்தட்டும். இன்று காலையும் கத்தியது. முப்பது முடிச்சு போட்டேன்.