கொல்லைப்புறத்துச் செருப்பு

புதுக்கோட்டைப் பக்கம் தூரத்துச் சொந்தக்காரர் வீடு. தங்கச்சி முறை ஆகிறவர் போன் செய்து கூப்பிட்டிருந்தார். "அண்ணே, ஒரு தடவை வந்து இவன்கிட்டப் பேசுங்க. நீங்க சொன்னாக் கேப்பான்." மகன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து நாலு வருடம் ஆகிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த மாதிரி அழைப்புகள் எனக்கு அவ்வப்போது வரும். போனேன், பேசினேன். சாப்பிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சுவரோரமாக ஒரு ஜோடி செருப்பு இருந்தது. ஆண்பிள்ளைச் செருப்பு, பெரிய அளவு.

முன்வாசலில் நான் செருப்பைக் கழற்றியபோது அங்கே அவனுடைய அப்பா செருப்பு, அம்மா செருப்பு, தங்கை செருப்பு எல்லாம் இருந்தன. இது மட்டும் ஏன் இங்கே என்று கேட்டேன். தங்கச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வாசல்ல கிடந்தா வர்றவங்க எல்லாம், 'தம்பி வீட்லதான் இருக்கானா'ன்னு கேக்குறாங்கண்ணே. அவனே ஒரு நாள் எடுத்துட்டுப் போயி அங்க வச்சுக்கிட்டான்."

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் செருப்பு என்னை விடவில்லை.

அன்றைக்கு அந்தப் பையனிடம் நான் பேசியது எதுவும் வீண்பேச்சு இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, போட்டித் தேர்வுக்கு இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள் என்றேன். 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். சொந்தமாக ஏதாவது செய்ய நினைத்தால் மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் கேட்கலாம். தொழில் பழகுநராகச் சேரலாம். பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2019-இல் விதியைத் திருத்தினார்கள். எல்லாவற்றுக்கும் அவன் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்றான். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. இதையெல்லாம் அவன் முன்னாலேயே அறிந்திருந்தான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. நாலு வருடமாகக் கையில் போனை வைத்துக்கொண்டிருக்கிற பையனுக்குத் தகவல் பஞ்சம் இல்லை. என் தகவல் எதுவும் அந்தச் செருப்பைக் கொல்லையிலிருந்து வாசலுக்குக் கொண்டுவரப் போவதில்லை.

முதல் நாள் அதை எப்படி எடுத்துப் போயிருப்பான் என்று யோசிக்கிறேன். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, கையில் தூக்கிக்கொண்டு, கூடத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி. யாரும் அவனை வெளியே போகச் சொல்லவில்லை. சொந்த வீட்டில் தான் இருப்பதற்கான அடையாளத்தைத் தானே துடைத்துவிட ஒரு பிள்ளை முடிவு செய்கிறான். அதைப் பார்த்த அம்மா தடுக்கவும் இல்லை. தடுத்தால் அதைப் பற்றிப் பேச வேண்டிவரும், அதனாலாக இருக்கலாம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தச் செருப்பின் குதிகால் தேயவே இல்லை. வாங்கி ரொம்ப நாளானது வாரின் நிறம் வெளுத்ததில் தெரிந்தது. அடிப்பகுதி மட்டும் புதுசு போல இருந்தது.

பல வருடங்களுக்கு முன் படித்த ஒன்று அந்த இடத்தில் நினைவுக்கு வந்தது. முழுதாக நினைவில் இல்லை, துண்டுதுண்டாகத்தான் இருக்கிறது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்தபோது ஆலை மூடப்பட்டது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்ற மூன்று பேர் குழுவோடு அங்கே போய் ஆய்வு செய்து 1933-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். அவர்கள் செய்ததில் ஒன்று என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தெருவில் போகிற ஆட்கள் என்ன வேகத்தில் நடக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள். சின்னத் தூரத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப நின்றார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள், அவர்களுக்கு வீட்டு வேலை இருந்தது. ஆண்களில் பெரும்பாலோர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். ஊர் நூலகத்தில் காசில்லாமல் புத்தகம் எடுக்கலாம், படிக்க நாள் முழுக்க நேரமும் இருக்கிறது. ஆனாலும் இரவல் போகும் புத்தகங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டன. நேரம் கிடைத்தால் மனிதன் படிப்பான், புதிதாகக் கற்றுக்கொள்வான் என்றுதானே நாம் நினைக்கிறோம்? அந்த ஊரில் நடந்தது நேர்மாறு.

யஹோடா பிற்காலத்தில் இதை இன்னும் விரித்து எழுதினார். சம்பளத்தோடு வேலை வேறு சிலவற்றையும் கொடுக்கிறது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து செய்கிற ஒரு காரியம், 'இன்னார்' என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம். வேலை போனால் இவையும் போய்விடுகின்றன. வேலையே கிடைக்காதவனுக்கு இவை முதலிலேயே கிடைப்பதில்லை.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த வீட்டில் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தது அந்தப் பையனின் தங்கை. பி.காம். முடித்துவிட்டு அவளும் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் செருப்பு வாசலில்தான் கிடந்தது. அதை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவளுக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்றும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. வரன் பார்க்கிறார்கள் என்பதோடு அவள் கணக்கு முடிந்துவிடுகிறது. அண்ணன் படும் அவமானம் அவளுக்கு இல்லை என்பது உண்மை. அவளுக்கு வேலை இல்லை என்பதே அந்த வீட்டில் ஒரு செய்தியாக இல்லை என்பதும் உண்மை.

எங்கள் வீட்டிலும் ஒரு வேலையில்லாப் பட்டதாரி இருந்தார், என் சித்தப்பா. நான் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலம். பி.ஏ. பொருளாதாரம் படித்தவர். டிரங்குப் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டையைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். விட்டால் பதிவு மூப்பு போய்விடும். புதுப்பிக்கிற நாள் வீட்டில் ஒரு விசேஷம் மாதிரி இருக்கும். சட்டைக்குப் பெட்டி போட்டு, எண்ணெய் தடவித் தலைவாரி, காலை முதல் பஸ்ஸில் கிளம்புவார். சாயங்காலம் எங்களுக்குக் காராச்சேவுப் பொட்டலத்தோடு வருவார். அங்கே வரிசையில் நின்றவர்கள் கதையைச் சொல்வார்: யாருக்கு இன்டர்வியூ கார்டு வந்தது, எந்த வருடத்துப் பதிவு வரை இப்போது கூப்பிடுகிறார்கள். மற்ற நாட்களில் காலையில் நூலகம் திறக்கும்போது போய் ஆங்கிலப் பேப்பரில் விளம்பரம் பார்ப்பார். அங்கேயும் இவரைப் போல நாலைந்து பேர் இருப்பார்கள். வெகு காலத்துக்குப் பிறகு, தலை நரைக்கத் தொடங்கிய வயதில், கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்தது.

அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. சித்தப்பாவுடைய இளமை அந்தப் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. அட்டையை வைத்துக்கொண்டு காத்திருப்பது எல்லோருக்கும் நியாயமான வழியாகவும் இல்லை. 1959-ஆம் ஆண்டுச் சட்டம், காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் கட்டாயப்படுத்தியது; அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நடைமுறையில் அரசு வேலை பெரும்பாலும் அந்த அட்டை வழியாகவே வந்தது. அந்தப் பட்டியலோடு நிறுத்தாமல் விளம்பரமும் செய்து தகுதியுள்ள எல்லோரையும் அழைக்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது சரியான தீர்ப்பு. ஆனாலும் சித்தப்பா யாருக்கும் மறைந்து இருந்ததாக எனக்கு நினைவில்லை. 'என்ன பண்றான்?' என்று ஊரில் யாராவது கேட்டால், பாட்டி நிமிர்ந்து, "பதிஞ்சு வச்சிருக்கான்" என்பாள். வரிசை நீளமாக இருந்தாலும் அதில் அவருக்கு ஓர் எண் இருந்தது. தாமதத்துக்குக் காரணம் வரிசை என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அவர் செருப்பு வாசலில்தான் கிடந்தது.

இன்றைக்கு அந்த அட்டையின் இடத்தில் தேர்வு இருக்கிறது. 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு 300 பேருக்கு மேல் வருகிறது. எல்லோரும் விடிய விடியப் படித்தாலும் இடம் இருக்கிற அளவுக்குத்தான் வேலை. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவன்தான் அந்தப் பையனும். ஆனால் முடிவு வரும் நாளில் இந்தக் கணக்கு யார் நினைவிலும் இருப்பதில்லை. 'இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம்' என்கிறோம். சித்தப்பாவுக்கு வரிசை மேல் விழுந்த பழி இவனுக்கு இவன் தலையிலேயே விழுகிறது. வழிகாட்டுகிறேன் என்று வருகிற என்னைப் போன்றவர்களும், உனக்கு எதில் ஆர்வம், நீ என்ன ஆக வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, அந்தப் பாரத்தைக் கூட்டுகிறோமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆர்வம் என்பது அறைக்குள் உட்கார்ந்து யோசித்தால் கிடைக்கிற பொருளா? என் அனுபவத்தில் இல்லை. ஃபிட்டர் பிரிவுக்கு ஆசைப்பட்டு வந்த பையன்கள் குறைவு. மார்க் குறைந்ததால் அப்பா கொண்டுவந்து சேர்த்தவர்கள்தான் அதிகம். முதல் வாரங்களில் அவர்களுக்குக் கொடுப்பது ஓர் இரும்புத் துண்டு, ஓர் அரம். வைஸில் பிடித்து நாள் முழுக்க ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால், நடுவில் கீற்றாக ஒளி தெரியும். அது தெரிகிற வரை மட்டமாகவில்லை என்று அர்த்தம். மறுபடி ராவு. முணுமுணுத்துக்கொண்டே ராவுவார்கள். ஏதோ ஒரு நாள் அந்தக் கீற்று மறையும். அன்றைக்குப் பையன் ராவிய ஜாப்பை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வருகிற நடையே வேறாக இருக்கும். தீபாவளி வருவதற்குள் டீ பெல் அடித்தாலும் வைஸை விட்டு நகராத இரண்டு மூன்று பேர் ஒவ்வொரு வருடமும் உருவாகிவிடுவார்கள். இதுதான் என் துறை என்று தேர்ந்தெடுத்து வந்தவர்கள் அல்ல அவர்கள். தினமும் ஓர் இடத்துக்கு வந்தார்கள், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் இருந்தது, கையில் ஒன்று உருவானது. பிடிப்பு அதற்குப் பிறகு வந்தது.

அதனால் திசையைத் தேடுவதற்கு முன்னால், காலையில் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும் என்று நான் நம்புகிறேன். மாவட்ட நூலகங்களில் போய்ப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மரத்தடி வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலும் படிக்கலாம், செல்போனிலேயே எல்லாம் இருக்கிறது. ஆனாலும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்று அந்தச் செருப்பைப் பார்த்த பிறகு எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

இதிலும் சிக்கல் இருக்கிறது. பழகுநராக ஏதாவது பட்டறைக்குப் போ என்று சொல்வது ஓய்வூதியம் வாங்குகிற எனக்கு எளிது. கடன் வாங்கி இன்ஜினியரிங் படிக்கவைத்த குடும்பத்துக்கு அது இறக்கமாகத்தான் தெரியும். பெண் கொடுக்க வருகிறவர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்ற கேள்வி வேறு. பழகுநர் பயிற்சி முடித்தவனுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமும் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. ஓராண்டு உழைத்துவிட்டு அவன் திரும்பவும் வீட்டுக்கே வந்தால், நான் என்ன பதில் சொல்வேன்?

அதைவிடக் கடினமான கேள்வி, தேர்வை விடச் சொல்வதா, தொடரச் சொல்வதா என்பது. மத்தியக் குடிமைப் பணித் தேர்வுக்குப் பொதுப் பிரிவினர் 6 முறைதான் எழுதலாம், பிற பிற்படுத்தப்பட்டோர் 9 முறை. அங்கே விதியே ஓர் இடத்தில் நிறுத்திவிடுகிறது. குரூப் 4-இல் இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு, பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்புகளைச் சேர்ந்த பட்டதாரிகளுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. தாமதமாகப் படிக்க வந்த குடும்பங்களுக்கு அது பெரிய நீதி; அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் போதும் என்று யாரும் சொல்லாத ஒரு காத்திருப்பு அது. கடைசி முயற்சியில் தேறியவர்களை எனக்குத் தெரியும். கடைசி என்று நினைத்ததற்குப் பிறகும் எழுதிக்கொண்டே இருப்பவர்களையும் தெரியும். இந்தப் பையன் எந்தப் பக்கம் என்று சொல்லும் அறிவு எனக்கு இல்லை. அவன் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறான் என்று தங்கச்சி சொன்னார். நல்லது என்றேன். அது நல்லதுதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் பட்டறை, கடை, அச்சகம், ஆடிட்டர் அலுவலகம் என்று எதையாவது நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் தெருவில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பையனையோ பெண்ணையோ உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்ன பண்றே என்று கேட்காதீர்கள். நாளைக்குக் காலையில் ஒன்பது மணிக்கு வா, ஒரு வேலை இருக்கிறது என்று கூப்பிடுங்கள். செய்த வேலைக்குக் கூலியையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.