மூன்று தரைகளுக்கு ஒரு டயர்

பிரிட்டனில் குளிர்கால ரேடியோ கார்ப் பந்தயங்கள் பல விளையாட்டு அரங்குகளுக்குள்தான் நடக்கின்றன. அடித்தரை மெருகேற்றிய மரம். அதன்மேல் சில இடங்களில் கார்பெட் விரித்திருப்பார்கள். மேடுகளிலும் தாவுமிடங்களிலும் செயற்கைப் புல்லைப் பதித்திருப்பார்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட பகி வகைக் கார் ஒரே சுற்றில் இந்த மூன்றின் மேலும் ஓடுகிறது. ஓட்டம் பெரும்பாலும் ஐந்து நிமிடம். நடுவில் டயரை மாற்றும் பேச்சே இல்லை. ஒவ்வொரு தரைக்கும் எந்த டயர் பொருந்தும் என்பது அனுபவமுள்ளவர்களுக்குத் தெரியும். மூன்றுக்கும் சேர்த்து எது பொருந்தும் என்பது வேறு வகையான கேள்வி. செயலறிவை விதிகளாக எழுதி முடித்துவிட முடியுமா என்று மெய்யியல் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விதான் அது.

முதலில் விதிகள் எவ்வளவு தூரம் வரும் என்று பார்க்க வேண்டும். உராய்வு விசை அழுத்தும் எடைக்கு ஏற்ப வளரும், தொடும் பரப்பைச் சார்ந்திராது என்று 1699இல் பிரான்சின் அமோந்தோன் வகுத்தார். பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் விதி இது. ரப்பர் இதற்குக் கட்டுப்படுவதில்லை. எடை கூடக்கூட அதன் உராய்வுக் கெழு குறைகிறது. வெப்பமும் வேகமும் மாறினால் பிடிப்பும் மாறுகிறது. 1963இல் குரோஷ் வெளியிட்ட ஆய்வு ரப்பரின் உராய்வை அதன் பாகுத்தன்மை கலந்த மீள்தன்மையோடு இணைத்துக் காட்டியது. வழவழப்பான பரப்பில் ரப்பர் மூலக்கூறுகள் ஒட்டி ஒட்டி விடுபடுவதால் பிடிப்பு வருகிறது. சொரசொரப்பான பரப்பில் ரப்பர் நசுங்கி மீளும்போது இழக்கும் ஆற்றலும் சேர்ந்துகொள்கிறது.

டயர் தேர்வின் சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது. மெருகேற்றிய மரத்தில் ஒட்டுதலே ஆதாரம். மென்மையான ரப்பரும் நிறைந்த தொடுபரப்பும் வேண்டும், மெல்லிய தூசிப் படலம்கூட எல்லாவற்றையும் கெடுத்துவிடும். செயற்கைப் புல்லில் டயரின் சிறு முட்கள் இழைகளுக்கிடையே இறங்கிப் பற்றுகின்றன. அதே முட்கள் நீளமாக இருந்தால் மரத்தில் மடங்கிச் சாயும். கார் திருப்பத்துக்குத் தாமதமாகப் பணியும். கார்பெட்டில் இடர் நேர் எதிரானது. அங்கே பிடிப்பு மிகுந்து, வளைவில் உட்பக்கச் சக்கரங்கள் எழும்பி, கார் குப்புறக் கவிழும். அதைத் தவிர்க்க முன்டயர்களின் வெளிப்பக்கச் சுவரில் சூப்பர் குளூவை மெல்லிய கோடாகத் தடவி அந்த இடத்தை வழுக்கலாக்குகிறார்கள். பிடிப்பைத் தேடி மென்மையான டயர் வாங்கிய கையே அதில் ஒரு பகுதியைக் குறைக்கவும் செய்கிறது.

மூன்றுக்கும் நடுவே ஒரு சராசரியைப் பிடித்தால் போதுமே என்று தோன்றலாம். அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் இரண்டாம் பகுதியில் இந்த எண்ணத்தைத்தான் மறுக்கிறார். பத்து அளவு உணவு மிகை, இரண்டு அளவு குறை என்பதால் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு அளவு கொடுத்துவிட முடியாது. மல்லன் மைலோவுக்கு அது போதாது, பயிற்சியைத் தொடங்குபவனுக்கு மிகை. எண்களின் நடுவும் செயலுக்குரிய நடுவும் ஒன்றல்ல என்பது அவர் முடிவு. டயரில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மரத்தில் பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்று நின்றுவிடும். கார்பெட்டில் கவிழ்ந்தால் பணியாளர் ஓடிவந்து நிமிர்த்தும்வரை காத்திருக்க வேண்டும். புல்லில் சற்றுப் பிடிப்புக் குறைந்தால் இழப்பு நொடியின் சிறு பகுதிதான். இழப்புகள் சமமாக இல்லாதபோது பிடிப்பின் சராசரிக்குப் பொருள் இல்லை. எந்தத் தவறு எவ்வளவு விலை கேட்கும் என்பதே எடைபோட வேண்டியது. அந்த விலை தடத்தின் வளைவுகளையும் ஓட்டுபவரின் கையையும் பொறுத்து மாறும்.

அப்படியானால் வளைவுகளையும் கையையும் கணக்கில் கொள்ளும் இன்னொரு விதியை எழுதலாம் அல்லவா? காண்ட் 1781இல் வெளிவந்த தூய பகுத்தறிவு பற்றிய விமர்சன நூலில் இதற்கு விடை தந்தார். ஒரு விதி இந்த இடத்துக்குப் பொருந்துமா என்று தீர்மானிக்க இன்னொரு விதி வேண்டுமென்றால், அதைப் பொருத்துவதற்கு மூன்றாவது வேண்டும். இது முடிவே இல்லாமல் நீளும். ஆகவே தீர்ப்புத்திறனைக் கற்பிக்க முடியாது, பழக்கத்தான் முடியும் என்றார். மருத்துவரும் நீதிபதியும் விதிகளை எல்லாம் அறிந்திருந்தும் அவற்றைப் பொருத்தும் இடத்தில் தடுமாறலாம் என்பதையும் குறிப்பிட்டார். 1945இல் கில்பர்ட் ரைல் செய்யத் தெரிவது வேறு, செய்தி தெரிவது வேறு என்று வாதிட்டபோது இதே முடிவிலாத் தொடரைத்தான் பயன்படுத்தினார். திருக்குறள் தெரிந்துசெயல்வகையை அடுத்து வலி, காலம், இடம் ஆகியவற்றை அறிதலுக்குத் தனித்தனி அதிகாரம் ஒதுக்கியிருப்பதும் இங்கே நினைக்கத் தக்கது: மூன்றையும் ஒரே சூத்திரத்தில் அடக்க அது முயலவில்லை.

இன்னும் ஒரு படி தாண்டியவர் சீனத்தின் சுவாங்சி. அவர் பெயரில் வழங்கும் நூலின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில், மண்டபத்தில் நூல் படித்துக்கொண்டிருக்கும் ஹுவான் கோமகனிடம் பியான் என்னும் சக்கரத் தச்சன் பேசுகிறான். உளி எவ்வளவு மெதுவாக, எவ்வளவு விரைவாக இறங்க வேண்டும் என்பது கைக்குத் தெரியும்; வாயால் சொல்ல வராது; மகனுக்குக்கூடக் கற்றுக்கொடுக்க முடியவில்லை; எழுபது வயதிலும் தானே சக்கரம் செதுக்க வேண்டியிருக்கிறது. இறந்தவர்களின் நூல்களில் எஞ்சியிருப்பது வெறும் சக்கை என்பது அவன் துணிபு.

தச்சன் சொல்வதில் பாதி உண்மை. டயரைக் கட்டைவிரலால் அழுத்தி, உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சின் இறுக்கத்தைக் கணிப்பவரின் அறிவு சொல்லில் முழுதாக வராது. ஆனால் அது யாரும் கேள்வி கேட்க முடியாத மறைஞானமும் அல்ல. காரில் பொருத்திய டிரான்ஸ்பாண்டர் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் பதிவுசெய்கிறது. விரல் தவறாகக் கணித்திருந்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் அது வெளிப்பட்டுவிடும். விதியாக எழுத முடியாத அறிவும் உலகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தீர்ப்புத்திறனைக் கண்மூடித்தனமான உள்ளுணர்விலிருந்து பிரித்துக்காட்டுவது இந்தப் பொறுப்புதான். காண்ட் பழக்கம் என்று சொன்னதற்கு உயிர் கொடுப்பதும் இதுவே: பிழை தெரியவராத இடத்தில் எத்தனை ஆண்டு பழகினாலும் திறன் வளராது.

சோதனைக்கும் எல்லை உண்டு. ஓட்டம் நடக்க நடக்க ரப்பர் படிந்து கார்பெட்டின் பிடிப்பு ஏறுகிறது. காலையில் அளந்தது மாலையில் செல்லாது. எல்லா டயர்களையும் எல்லா நிலைகளிலும் ஓட்டிப் பார்த்து மிகச் சிறந்ததைக் கண்டுபிடிக்க யாருக்கும் நேரமில்லை. ஹெர்பர்ட் சைமன் 1956இல் முன்வைத்த கருத்து இங்கே கைகொடுக்கிறது. அறிவும் நேரமும் அளவுக்குட்பட்டவர்கள் உச்சத்தைத் தேடுவதில்லை. போதுமான அளவை வகுத்துக்கொண்டு, அதை எட்டும் முதல் வழியில் நின்றுவிடுகிறார்கள். கலப்புத் தரையில் அந்த அளவு இப்படி அமையலாம்: மரத்தில் சுழலாமல், கார்பெட்டில் கவிழாமல், புல்லில் வழி தவறாமல் ஓடினால் போதும். இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. சூழலின் அமைப்பை அறிந்தவரால்தான் போதுமானது எது என்று வரையறுக்க முடியும்.

சில போட்டிகளில் அமைப்பாளர்களே ஒரே வகை டயரைக் கட்டாயமாக்கிவிடுகிறார்கள். செலவு குறைகிறது, எல்லோருக்கும் தொடக்கம் சமமாகிறது. நியாயத்தின் பார்வையில் அது நல்ல ஏற்பாடு. தேர்வு மட்டும் அதனால் ஒழிவதில்லை. ஸ்பிரிங்கின் இறுக்கம், ஷாக் எண்ணெயின் தடிமன், காரின் எடை எங்கே அமர வேண்டும் என்பன முன்னுக்கு வருகின்றன, அவற்றையும் அதே மூன்று தரைகளுக்கும் பொதுவாகவே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.