வளைவில் தள்ளுவது யார்?

திருப்பம் வந்தால் மனிதன் முதலில் ஒரு குற்றவாளியைத் தேடுகிறான். அது சாலையின் திருப்பமானாலும் சரி, வாழ்க்கையின் திருப்பமானாலும் சரி, "என்னைத் தள்ளிவிட்டார்கள்" என்பதுதான் அவன் வாயில் வரும் முதல் வார்த்தை. இந்தப் புகாரில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? விசாரித்துப் பார்க்க ஏற்ற இடம் கொல்லிமலை.

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பஸ் இடப்பக்கம் திரும்பினால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் வலப்பக்கம் சாய்வார்கள். வலப்பக்கத்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர் பக்கத்திலிருப்பவர்களின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பத்து வளைவு தாண்டுவதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"கொஞ்சம் நகர்ந்து உட்காரக் கூடாதா, ஸார்?"

"நானா வந்து விழுகிறேன்? பஸ் தள்ளுகிறது, ஸார்!"

பஸ் தள்ளுகிறதா? சாலையோரம் நின்று பார்ப்பவரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார். பஸ் திரும்பியது. பயணியின் உடம்போ, அதுவரை போய்க்கொண்டிருந்த திசையிலேயே நேராகப் போகப் பார்த்தது. அப்போது பஸ்ஸின் சுவர் குறுக்கே வந்து, தோளில் இடித்து, அவரையும் திருப்பிவிட்டது. அவர் தோளில் பட்ட விசை வளைவின் உட்பக்கம் நோக்கி வந்த விசை. வெளியே தள்ளியவர் யாரும் இல்லை.

நம்புவது கடினமாக இருந்தால் கவண் கல்லை நினைத்துக்கொள்ளலாம். தினைப்புனம் காத்த பெண்கள் கிளி ஓட்டக் கவண் சுழற்றியதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. சுழலும் கவணின் வாரை விட்டதும் கல் எப்படிப் போகிறது? கையிலிருந்து விலகி, வெளிப்புறமாக அது ஓடுவதில்லை. விட்ட கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ, அந்தத் திசையில் வட்டத்தைத் தொட்டபடி நேராகப் போகிறது. அதுவரை அதை வட்டத்தில் வைத்திருந்தது கையின் இழுப்பு ஒன்றுதான்.

அறிவாளிகளே இதில் இரண்டு பார்வை பார்த்திருக்கிறார்கள். 1659-ல் இதை ஆராய்ந்த டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ், வெளியே விலகப் பார்க்கும் விசையைப் பற்றி எழுதினார். 1687-ல் வெளிவந்த 'பிரின்சிபியா'வில் நியூட்டன், மையத்தை நோக்கி இழுக்கும் விசையைக் கொண்டு கிரகங்களின் ஓட்டத்தை விளக்கினார். நிகழ்ச்சி ஒன்றுதான். ஒருவர் பேச்சு பஸ்ஸுக்குள் இருப்பவர் பேச்சைப் போல இருக்கிறது; மற்றவர் பேச்சு சாலையோரத்தில் நிற்பவர் பேச்சைப் போல இருக்கிறது.

இங்கேயே நிறுத்திவிட்டால் ஓர் உபதேசம் கிடைத்துவிடும்: 'உன்னை யாரும் தள்ளவில்லை அப்பா, உன் பழக்கம்தான் உன்னை இடிக்கிறது.' ஊரில் பெரிய மனிதர்கள் பலர் இந்த உபதேசத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். கிராமத்து வீட்டை விற்றுவிட்டு மகனோடு பட்டணத்துக்கு வந்த கிழவர், ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருக்கிறார். "அப்பாவுக்கு மாறத் தெரியவில்லை" என்கிறான் மகன். புகுந்த வீட்டில் தடுமாறும் பெண்ணிடம், "அனுசரித்துப் போகத் தெரிய வேண்டாமா?" என்கிறார்கள். பௌதிகப்படி இவர்கள் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு மனம் ஒப்பவில்லை. தோள் வலிப்பது பொய்யல்லவே! அதோடு, திருப்பியது அந்தக் கிழவரா? ஸ்டியரிங் அவர் கையிலா இருந்தது?

பௌதிகத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. ஒருவரை வட்டத்தில் திருப்பத் தேவையான விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பஸ் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், 60 கிலோ எடையுள்ள பயணியைத் திருப்ப ஏறக்குறைய 19 கிலோ பாரத்துக்குச் சமமான விசை வேண்டும். வேகம் 40 ஆனால் அது 75 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கு, இடி நான்கு மடங்கு! அந்த அளவுக்கு டயரும் சாலையைப் பிடித்துக்கொண்டிருக்காது. வளைவு மாறவில்லை, பயணியும் மாறவில்லை. மாறியது டிரைவரின் கால் அழுத்தம் ஒன்றுதான்.

கொல்லிமலைச் சாலை தரையில் படுத்திருக்கும் வளைவு. அதே வட்டத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தால், பொழுதுபோக்குப் பூங்காக்களில் மனிதர்களைத் தலைகீழாகச் சுற்றிவிடும் ரோலர் கோஸ்டர் ஆகிவிடும். பார்ப்பவர்களுக்கு உச்சியில்தான் பயம். உண்மையில் ஆபத்து இருப்பது நுழைவாயிலில். நேராக வந்த தண்டவாளம் திடீரென்று முழு வட்டமாக மாறினால், உச்சியைத் தாண்டப் போதுமான குறைந்தபட்ச வேகத்தில் நுழைந்தால்கூட, அந்தக் கணத்தில் உடம்பு ஆறு மடங்கு கனக்கும். 1895-ல் நியூயார்க்கின் கோனி தீவில் அப்படி ஒரு முழு வட்டத்தை அமைத்தார்கள். சவாரி செய்தவர்களுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். 1976-ல் கலிபோர்னியாவில் ஜெர்மன் பொறியியலாளர் ஷ்டெங்கல் வேறு வழி செய்தார். வட்டத்தைக் கண்ணீர்த்துளி வடிவமாக்கினார். நுழையும்போது வளைவு விசாலமாக இருக்கும். ஏற ஏறத்தான் மெல்ல மெல்ல இறுகும். அதிலும் மனிதன் தலைகீழாகத்தான் போகிறான், ஆனால் கழுத்து பிழைத்துக்கொள்கிறது.

திரும்பாமல் இருக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே நேராகத் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அம்பு நேராகப் போகலாம். அம்பில் பயணிகள் இல்லை. குழந்தைகளையும் கிழவர்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு செங்குத்தான மலையில் ஏறுகிறவன் வளைந்துதான் ஏற வேண்டும். ஆகவே மகன் பட்டணத்துக்கு வந்ததும் தவறில்லை, பெண் புகுந்த வீடு போனதும் தவறில்லை. தகப்பனாரைக் கூட்டி வருமுன் நான்கு முறை அழைத்துவந்து பத்து பத்து நாள் வைத்திருந்தானா, அந்த வீட்டார் அவளுக்கு ஆறு மாதமாவது அவகாசம் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

பிறர் வாழ்க்கையைத் திருப்பும் உரிமை நம்மில் பலருக்கு ஏதோ ஒரு நாள் வந்து சேர்கிறது. தகப்பனாக, மகனாக, மாமியாராக, அதிகாரியாக நாம் அந்த இடத்தில் உட்காருகிறோம். பின் இருக்கையிலிருந்து "தள்ளுகிறதே!" என்று ஒரு குரல் வந்தால், அவருக்குப் பௌதிகம் கற்பிக்கத் தொடங்க வேண்டாம். முதலில் காலை எடுத்து வேகத்தைக் குறைப்போம். பாடம் மலை ஏறிய பிறகும் சொல்லலாம்.