மாதிரிக் கையெழுத்து

மனிதர்களை அவர்களுடைய பழைய கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பது வங்கியில் என் வேலைகளில் ஒன்று. ஸ்பெஸிமன் என்கிறோம். உயிரியல்காரர்களிடமும் இதே சொல்தான் இருக்கிறது.

1758-இல் லின்னேயஸ் யானைக்கு எலிஃபஸ் மாக்ஸிமஸ் என்று பெயர் வைத்தார். ஆசிய யானை, ஆப்பிரிக்க யானை என்ற பேதம் அவருக்கு இல்லை. வாழுமிடம் என்று இலங்கையைக் குறித்தார். அவருடைய ஆதாரங்களில் ஒன்று ஸாராயத்தில் ஊறிக் கிடந்த ஒரு யானைக் கரு. ஸ்டாக்ஹோம் மியூஸியத்தில் இருக்கிறது. 1797-இல் ப்ளூமென்பாஹ் ஆப்பிரிக்க யானையைத் தனி இனமாகப் பிரித்ததும் பழைய பெயர் நம் யானைக்கு என்றாயிற்று. 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில் அந்தக் கருவின் புரதத்தையும் மரபணுவையும் சோதித்தார்கள். அது ஆப்பிரிக்க யானை!

யானையின் பெயரை மாற்றாமல் மாதிரியை மாற்றினார்கள். லின்னேயஸ் மேற்கோள் காட்டிய ஜான் ரேயின் நூலில் வரும் ஃபிளாரன்ஸ் எலும்புக்கூட்டைப் பெயருக்கு உரியதாக நிர்ணயித்தார்கள். ஹான்ஸ்கென் என்ற பெண் யானையுடையது அது. இலங்கையிலிருந்து கப்பலேற்றி, ஊர் ஊராக வித்தை காட்ட வைத்து, 1655-இல் ஃபிளாரன்ஸில் செத்தது. 1637-இல் ரெம்ப்ராண்ட் வரைந்தது அதைத்தான்.

ஹான்ஸ்கென் யானைகளில் சிறந்ததோ சராசரியோ அல்ல. அப்படி இருக்கவேண்டும் என்று விதியும் இல்லை. பெயரை மாட்டிவைக்க ஓர் ஆணி, அவ்வளவுதான். தந்தமுள்ள கொம்பனுக்கும் தந்தமில்லாத மக்னாவுக்கும் அதே பெயர். டார்வினுக்குப் பிறகு வேறுபாட்டைக் குறை என்று சொல்லமுடியாது. ஓர் இனத்தின் கையிருப்பே அதுதான்.

இவ்வளவும் தெரிந்த நான் கவுண்டரில் உட்கார்ந்ததும் ப்ளேட்டோவாகிவிடுகிறேன். (விமர்சனத்திலும் இதையே செய்திருக்கிறேன். நல்ல கதை ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, பொருந்தாதவற்றையெல்லாம் கதையே இல்லை என்று எழுதியிருக்கிறேன். நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.)

சென்ற மாதம் ஒரு பெரியவர் பென்ஷன் எடுக்க வந்தார். கை நடுங்கிற்று. திரையிலிருந்த பழைய கையெழுத்தில் எழுத்துகள் நிமிர்ந்து நின்றன. படிவத்தில் சரிந்து கிடந்தன. திருப்பிக் கொடுத்தேன். மறுபடி போட்டார். மூன்றாவது தடவை, "நான்தானே சார் வந்திருக்கேன்?" என்றார்.

மோசடிகள் நடக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரே நிற்பவர் அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. புதிய மாதிரி வாங்கிக்கொள்ளவும் வழியுண்டு. அதற்குப் படிவம் எழுதவேண்டும், மானேஜரிடம் போகவேண்டும். வரிசை வாசல்வரை நின்றிருந்தது. மை டப்பாவை நகர்த்தி, கைநாட்டு வைக்கச் சொன்னேன்.

அவர் சற்று நேரம் டப்பாவையே பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். வைத்து முடித்ததும், விரலை எங்கே துடைக்கலாம் என்று கேட்டார்.