ஒருமனப்பட்டோர் உரையாடல்

ஒரே கருத்துடையோர் தம்முட் கூடிப் பேசுவதைக் கருத்தாடல் என்று கொள்ளலாமா? அரசியலைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் விடை காணவேண்டிய அறப்பிரச்சினை இது.

1958ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில், இனிப்புப்பண்ட உற்பத்தியாளரான றொபேட் வெல்ச் ஜோன் பேர்ச் சங்கத்தை நிறுவினார். பழைமைவாதிகள் சிறு சிறு கிளைகளாக வீடுகளிற் கூடினர், நூல்களைப் பயின்றனர், அரசியல்வாதிகளுக்குக் கடிதங்கள் எழுதினர். ஆனால், கொள்கை வகுக்கும் அதிகாரம் வெல்ச்சிடமே இருந்தது. சங்கத்துள் விவாதத்துக்கு இடமளிப்பது பலவீனமென அவர் கருதினார்.  ஜனாதிபதி ஐசனோவரே பொதுவுடைமைச் சதியின் கையாள் என்று எழுதுமளவுக்கு அவரது எண்ணம் சென்றிருந்தது. அரசாங்கப் பாடசாலைகளில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானதென 1954இல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் ஏள் வாரனைப் பதவிநீக்குமாறு 1961இல் சங்கம் இயக்கம் நடத்தியது.

அம்முகாமில் மறுப்புக்குரல் எழாமலுமில்லை. 'நாஷனல் றிவியூ' சஞ்சிகையை 1955இல் தொடங்கிய வில்லியம் பக்லி, 1962இல் வெல்ச்சை வெளிப்படையாகக் கண்டித்தார். தம்மவரின் சினத்தைப் பொருட்படுத்தாது கூறிய அச்சொல்லை, அவருடைய அரசியலை அடியோடு மறுக்கும் நாமும் மதித்தல் வேண்டும். எனினும், அதே சஞ்சிகைதான் 1957இல், தென் மாநிலங்களில் வெள்ளையர் சிறுபான்மையினராயுள்ள இடங்களிலும் அவர்களே மேலோங்க உரிமையுடையோர் என ஆசிரியத் தலையங்கம் தீட்டியது. சட்டத்தின் பெயரால் அதனைப் பிரென்ற் போசெல் அவ்வேட்டிலேயே மறுத்தார். விவாதம் இருந்தது, ஆனால், எவருடைய உரிமை விவாதிக்கப்பட்டதோ, அக்கறுப்பின மக்களுக்கு அவ்வாசிரிய பீடத்தில் இடமிருக்கவில்லை.

ஆதலின் ஒரு கூட்டத்தை அளக்க ஒரு கோல் போதாது, இரண்டு வேண்டும். 'இல்லை' என்று சொன்னவர் அங்கே தொடர்ந்து அமர முடிகிறதா? எவருடைய வாழ்வு பேசப்படுகிறதோ அவருக்கு அங்கே குரல் உண்டா?

ஒடுக்கப்பட்டோர் தனித்துக் கூடலாகாதா எனச் சிலர் வினவுவர். தாராளமாகக் கூடலாம். தம் விதியைத் தாம் பேசுவது வேறு. பிறர் விதியை அவரின்றித் தீர்ப்பது வேறு.

பிற்போக்காளரை அளக்க எடுத்த கோல் நமது கையிலேயே இருக்கிறது. தொழிலாளரின்றித் தொழிலாளரைப் பற்றியும், பெண்களின்றிப் பெண்களைப் பற்றியும் முற்போக்காளர் தீர்மானம் நிறைவேற்றும் மண்டபத்துக்கும் அதனை எடுத்துச்செல்வோம். அங்கே அதனை ஒளித்துவைப்போமாயின், நீதியின் பெயரால் நாம் பேசுவது எங்ஙனம்?